வெள்ளை மாறாத தாள்

எனக்கு மீன் வாடை ஆகாது. மீனவர் ஊரான பள்ளிமுனையில் பிறந்த ஒருவன் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும், சிரித்தும் இருக்கிறது. என் மனைவி மதலேனா முப்பது வருடமாக மீனை வளவின் கோடியில் வைத்துத்தான் கழுவுகிறாள். காற்று வீட்டுப் பக்கம் திரும்பினால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆகவே, நீதவான் அவர்களே, சிப்பி அழுகும் முகாமில் நான் மூன்று வருடம் விரும்பி இருந்தேன் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். விஞ்ஞானத்துக்காக இருந்தேன்.

என் பெயர் கஸ்பார் லெம்பேட். வயது ஐம்பத்தெட்டு. உதவி இரசாயனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். இதை எழுதும்படி எவரும் என்னை வற்புறுத்தவில்லை. 1906ஆம் ஆண்டு பங்குனி மாதம் முசலிக் கரையில் முத்துக்குளிப்பு முகாமில் சரிபுதீன் என்பவர் இறந்தார். அப்போது நடந்த மரண விசாரணையின் தீர்ப்பில் ஒரு தவறு இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அது அப்படியே கிடக்கிறது. தவறான அளவீட்டைத் திருத்தாமல் விடுவது என் பழக்கமல்ல.

அந்த முகாமில் ஓர் இரசாயனக் கூடம் இருந்தது. கூடம் என்றால் ஓலை வேய்ந்த நீளக் கொட்டில்தான். அதற்கு இருந்த ஒரே மரியாதை வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு கண்ணாடி யன்னல். அதன் தலைவர் கிறிம்ஷோ துரை பதினான்கு பெட்டிகளோடு இங்கிலாந்திலிருந்து வந்தவர். அரசாங்கத் தமிழ்ப் பரீட்சையில் முதலாம் தரத்தில் சித்தியடைந்தவர். ஆகவே அவர் பேசும் தமிழ் எங்களில் யாருக்கும் இலேசில் விளங்காது. முத்து எதனால் ஆனது என்று கண்டறிவது அவருக்கு இட்ட வேலை. முத்துக்களைக் காற்றில் நிறுத்தார், தண்ணீரில் நிறுத்தார், கீறினார், சுட்டார், கடைசியில் நாற்பது நல்ல முத்துக்களை அமிலத்தில் கரைத்தார். ஒரு வருட முடிவில், முத்து என்பது பெரும்பாலும் சுண்ணாம்பு என்று அறிக்கை எழுதினார்.

முத்துக் குளிப்பவர்களுக்குக் கயிறு பிடிக்கும் தம்பு என்பவர் இதைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்போ?"

"அதே இனம்தான்."

"இதைச் சொல்லுறதுக்கோ நாப்பது முத்தைக் கரைச்சவர்? எங்கட பெண்டுகளைக் கேட்டிருந்தா நாக்கில வைச்சே சொல்லியிருப்பாளுகள்."

அந்த அறிக்கையில் இருந்த ஒவ்வோர் எண்ணும் என் கையால் அளந்தது. நன்றி கூறும் பகுதியில் அரசாங்க ஏசண்டுத் துரைக்கும், அவர் மனைவிக்கும், அவர்கள் இரவல் கொடுத்த குதிரைக்கும் நன்றி சொல்லப்பட்டிருந்தது. குதிரையின் பெயர் டெய்சி. என் பெயர் இல்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. குதிரை எனக்கு முன்பே வேலையில் சேர்ந்தது.

இரண்டாம் வருடம் ஆராய்ச்சி வாயுவின் பக்கம் திரும்பியது. கடலில் அள்ளி வந்த சிப்பியை ஒரு கிழமைக்கு மேல் குவித்து அழுக விடுவார்கள். சதை கரைந்தபின் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். ஆதியிலிருந்து இதை வெளிக்காற்றில்தான் செய்து வந்தார்கள். துரைசாணிமாரின் மூக்குக்கு அது ஒத்துவரவில்லை என்று கிறிம்ஷோ துரை சீமெந்தில் ஒரு தொட்டி கட்டினார். ஒன்பது அடி ஆழம், கனத்த மூடி, உள்ளே இறங்க ஓர் ஏணி. சுகாதாரத் தொட்டி என்று பெயரும் வைத்தார். வெளியே வாடை குறைந்தது உண்மைதான். முழுவதும் உள்ளே இருந்தது. கூழ்முட்டை மணக்கும் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. அடியில் படுத்துக் கிடக்கும். மூடியை ஒரு முழுநாள் திறந்து போட்டபின்தான் ஆள் இறங்கலாம். எவ்வளவு வாயு இருந்தால் இறங்கலாம், எவ்வளவு இருந்தால் கூடாது என்று அளந்து சொல்லும்படி துரை என்னைப் பணித்தார். காற்றை உறிஞ்சி எடுத்து, அயடீன் கரைசலுக்குள் விட்டு, துளித்துளியாகப் பார்த்து நான் அளப்பேன். ஓர் அளவுக்கு அரை நாள் பிடிக்கும். சரியான வேலைக்கு நேரம் பிடிக்கும்.

இந்த நேரத்தில்தான் சரிபுதீன் வந்தான். சிலாவத்துறைப் பக்கத்தவன். பொடியன் என்று சொல்லிவிட முடியாது. வயது இருபத்தாறு, கலியாணம் செய்தவன். சிப்பிக் குவியலைப் புரட்டும் வேலை. குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒருதரம் மூக்கை உறிஞ்சி, "நாளை மத்தியானம் கழுவலாம்" என்பான். மறுநாள் மத்தியானம் அது கழுவும் பதத்தில் இருக்கும். துரை இதை ஒரு நாள் கண்டுவிட்டார். மறுநாள் சரிபுதீன் எங்கள் கூடத்தில் இருந்தான். கிழமை முடிவதற்குள் துரையின் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு நிரல்கள் வந்துவிட்டன. ஒன்றுக்குத் தலைப்பு: லெம்பேட், அயடீன். மற்றதற்கு: சரிபுதீன், மூக்கு.

இரண்டும் ஒத்துவராத நாட்களில் துரை என்னைப் பார்த்து, "லெம்பேட், நும் அளவையை மீண்டும் ஒருகால் ஆற்றுக" என்பார். மூக்கை மீண்டும் ஒருகால் ஆற்றும்படி அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு தடவை நான் திரும்ப அளந்தேன். ஒன்பது தடவை மூக்குத்தான் சரியாக இருந்தது. இதை நான் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். நேர்மை என் தொழில்.

தம்புவுக்கு வாய் சும்மா இருக்காது. "லெம்பேட் ஐயா விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் கண்ணாடிக் குழாய்க்குள்ள தேடுறதை இவன் ஒரு தும்மலுக்குள்ள சொல்லிப்போடுறான்" என்று முகாம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சரிபுதீன் அதற்குச் சிரிக்கவில்லை. "சும்மா இரு தம்பண்ணை. ஐயா அளக்கிறது கடதாசியில நிக்கும். என்ர மூக்கு, தடிமன் வந்தா முடிஞ்சுது" என்றான். பெருநாளுக்கு எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தான். போத்தல்களில் ஒட்டிய பெயர்களைப் பார்த்தே இங்கிலீசு எழுத்துக்களைப் படித்துக்கொண்டான். அவனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும் என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன்.

தாளின் கதை இனித்தான் வருகிறது. ஒரு நாள் காலை அவன் யன்னலடியில் நெடுநேரம் நின்றுவிட்டுத் துரையைக் கூப்பிட்டான்.

"துரை, இந்தப் பூச்சைப் பாருங்கோ. குவியல் பக்கத்துக் காத்தடிச்சா கறுக்குது. கடல் காத்துக்குக் கறுக்கேல்ல. நாத்தம் கூடின நாளில கூடக் கறுக்குது. இதைத் தாளில பூசி வைச்சா, தாளே சொல்லுமே?"

வெள்ளைப் பூச்சில் ஈயம் இருக்கிறது. ஈய உப்பு அந்த வாயு பட்டால் கறுக்கும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இருநூற்றுப் பதினான்காம் பக்கம். நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் துரைக்குக் காட்டினேன்.

"அறிவேன், லெம்பேட். யானும் கற்றதே" என்றார் துரை. "ஆயின் அந்த யன்னல் கறுக்குந்தோறும் அதைத் துடைப்பித்தவர் யாவர்?"

நான்தான். கிழமைக்கு ஒருதரம் ஆள் விட்டுத் துடைப்பித்தேன். கறுத்த யன்னல் கூடத்துக்கு அழகல்ல என்று. தம்பு வெளியே போய்நின்று சிரித்தது எனக்குக் கேட்டது.

சரிபுதீன் அதோடு நிற்கவில்லை. தாள் எவ்வளவு கறுத்தால் எவ்வளவு வாயு என்று ஏழு நிறம் பிரித்தான். முத்தைத் தரம் பிரித்துப் பழகிய கண். ஒவ்வொரு நிறத்துக்கும் பெயரும் வைத்தான்: பால், மோர், தேன், புளி, கருவாடு, சட்டியடி, கரி. தேன் வரைக்கும் இறங்கலாம். புளியென்றால் பொறுக்கவேண்டும். கருவாடென்றால் ஓடவேண்டும். வேலையாட்கள் ஒரே நாளில் பாடமாக்கிவிட்டார்கள். கருவாடு என்ற சொல் லண்டனில் ஓர் இராச சங்கத்தின் முன் வாசிக்கப்படுவதற்காகத் துரையின் கட்டுரையில் ஏறிக் குந்திக்கொண்டது. அதை உச்சரிக்கத் துரை கண்ணாடியின் முன் பயிற்சி செய்தார்.

ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். அந்தத் தாள்களைச் செய்தவன் நான். சரிபுதீன் தோய்த்தால் தாளில் திட்டுத்திட்டாகப் படியும். சீராக வெட்டி, சீராகத் தோய்த்து, வெயில் படாமல் உலர்த்தி, நூறு தாளும் ஒரே தாள்போல் வரச்செய்வது என் கைக்கு மட்டும் வந்தது. ஆனால் கட்டுரையின் தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள்தான்: கிறிம்ஷோ, சரிபுதீன். என் பெயர் நன்றி கூறும் பகுதியில் இருந்தது. இம்முறை குதிரைக்கு முன்னால்.

கையெழுத்துப் பிரதியை நான்தான் சுத்தமாகப் படியெடுத்தேன். அப்போது ஓலைத் தட்டிக்கு அப்பால் பேச்சுக் கேட்டது.

"துரை, லெம்பேட் ஐயாட பேரையும் மேல போடுங்கோ. தாள் செய்யிறது அவர்தானே."

"தாள் செய்வது கை. கண்டறிவது மதி."

"கை இல்லாட்டி மதி சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கும் துரை."

துரை சிரித்தார். பெயரைச் சேர்க்கவில்லை. எனக்காக ஒருவன் இரந்து கேட்டதையும், அது கிடைக்காமல் போனதையும் நான் ஒரே மூச்சில் கேட்க நேர்ந்தது. அதற்கு முன்பு அவன்மேல் எனக்கு ஒரு மனத்தாபமும் இல்லை. அதன் பின்பும் இல்லை. அன்றிலிருந்து சில நாள் சோறு இறங்கவில்லை. அந்த மாதம் வெயில் அதிகம்.

பங்குனி நடுவில் கொழும்பிலிருந்து பெரிய துரை ஒருவரும் அவர் துரைசாணியும் தொட்டியையும் தாளையும் பார்க்க வருவதாக அறிவித்தார்கள். நிகழ்ச்சி இப்படி ஏற்பாடாயிற்று: மூடியைத் திறப்பது, தாளை நூலில் கட்டி இறக்கிக் காட்டுவது, நிறம் தேனுக்குள் இருந்தால் சரிபுதீன் இறங்கி அடியிலிருந்து ஒரு கூடை சிப்பி எடுத்து வருவது, துரைசாணியின் கையால் அதில் ஒரு முத்தைப் பொறுக்குவது. சரிபுதீனுடைய இடுப்பில் கயிறு கட்டித் தம்பு பிடித்துக்கொள்வார்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சரிபுதீன் ஜும்மாவுக்குப் போயிருந்தான். துரை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நான் நிகழ்ச்சிக்கான பதினெட்டுத் தாள்களையும் செய்தேன். ஈய உப்பில் தோய்க்கவில்லை. துத்தநாக உப்பில் தோய்த்தேன். காய்ந்தபின் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். துத்தநாகத் தாளும் அந்த வாயுவைப் பிடிக்கும். ஆனால் அதனால் உண்டாகும் பொருளின் நிறமும் வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளை. அதை வேலை செய்யாத தாள் என்று சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்ளும், வாய் திறக்காது. அரசாங்க உத்தியோகத்தர் பலரும் அப்படித்தான். யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை.

என் எண்ணம் சிறியது. நாற்றம் எழும், தாள் வெள்ளையாக நிற்கும், விருந்தினர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்போது யாராவது, இதை அயடீனில் அளந்து பார்த்தவர் ஒருவரும் இல்லையா என்று கேட்பார்கள். நான் முன்னால் வருவேன். மரண விசாரணையில் என்னை யாராவது சரியான கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று காலை பத்து மணி. விருந்தினர்கள் கதிரைகளில் இருந்தார்கள். துரைசாணி உடிக்கொலோன் வாசனையில் நனைத்த கைலேஞ்சியை முகத்தில் பிடித்திருந்தார். கிறிம்ஷோ துரை நாற்பது நிமிடம் பேசினார். பிறகு மூடியைத் தூக்கினார்கள். தாளை இறக்கி எடுத்தார்கள். வெள்ளை.

எனக்கு ஒரு விடயம் தவறிவிட்டது. துரை வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வெள்ளையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தாள் பழுதென்று அவருக்குத் தோன்றவேயில்லை. தொட்டி சுத்தம் என்றுதான் தோன்றியது. பெரிய மனிதர்களுக்குத் தாங்கள் கட்டியதில் பிழை இராது. "பால்! இதுதான் பால்!" என்று தமிழ்ப் பெயரையே சொல்லித் துரைசாணிக்குக் காட்டினார். துரைசாணி கைதட்டினார்.

சரிபுதீன் மட்டும் முகத்தைச் சுளித்தான். தொட்டி வாயில் குனிந்து மூக்கை உறிஞ்சினான். பிறகு இன்னொருதரம் உறிஞ்சினான். "முதல் மணத்தது. இப்ப மணக்கேல்லையே" என்று தனக்குள் சொன்னான். தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"லெம்பேட் ஐயா, தாள் சரிதானே?"

"நான் செய்த தாள் எப்பவாவது பிழைச்சிருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதற்குச் சரியான பதிலை அவனே சொன்னான்.

புதிதாக ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். மூன்றாவது படியில் நின்று, "துரை, இஞ்ச மணமே இல்லை" என்று குரல் கொடுத்தான். மூக்கும் தாளும் ஒத்துப்போன அந்த நேரத்தில் கதிரைகளில் இருந்தவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள். அதன் பிறகு அவன் தலை தெரியவில்லை.

முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவன் கயிற்றை ஆட்டினால்தான் இழுக்கவேண்டும். ஆட்டுமுன் இழுத்தால், உனக்கு மூச்சில்லை என்று அவனை நாலுபேர் முன் இகழ்ந்ததுபோல. அதற்காக, கயிறு பிடித்த மைத்துனனோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கடலில் அது நல்ல வழக்கம். கடலில் மூச்சு முட்டுபவனுக்குக் கயிற்றை ஆட்ட நேரம் இருக்கிறது. இந்த வாயு அந்த நேரத்தைத் தருவதில்லை. ஆள் நின்ற நிலையிலேயே விளக்கு அணைவதுபோல் அணைந்துவிடுவான்.

தம்பு கயிற்றை விரல்களால் தொட்டுப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் நின்றவன் நான்.

"ஐயா, இன்னும் ஆட்டேல்ல."

நான் கயிற்றைப் பார்த்தேன்.

"ஐயா, இழுக்கட்டோ?"

"ஆட்டினவனோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

துரை கருவாட்டு நிறம் எப்படியிருக்கும் என்று துரைசாணிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். தம்புவின் பொறுமை நான் நினைத்ததைவிடச் சற்று முந்தி முடிந்தது. இழுத்தார், கயிறு ஏணியில் சிக்கியது. உடனே கடலில் குதிக்கப் போகிறவனைப்போல நெஞ்சு நிறைய மூச்சை எடுத்து அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். மூச்சு விடாமலே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவந்தார். அப்படி அடக்கியதால்தான் அவர் பிழைத்தார். சரிபுதீன் பிழைக்கவில்லை. மோப்பம் பிடிப்பதே வேலையாக இருந்தவன் அவன். மூச்சை அடக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிராது. அவன் கைக்குள் தாள் இருந்தது. துரை அதை விரித்துப் பார்த்தார். "பால்" என்றார், மிகவும் மெதுவாக.

அசர் தொழுகைக்கு முன்பே அவன் மனைவி ஆமினா மாட்டு வண்டிலில் வந்துவிட்டாள். அவன் மையித்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கூடத்தின் வாசலில் நின்றாள். அழவில்லை. அவனுடைய உடுப்புப் பெட்டியைக் கொடுக்கும் வேலை எனக்கு விழுந்தது.

"நீங்களோ லெம்பேட் ஐயா?"

"ஓம்."

"தாள் கறுக்கேல்லையாம், உண்மையோ?"

"ஓம், தங்கச்சி. வெள்ளையாத்தான் இருந்தது."

"காலமை வெளிக்கிடேக்க நான் போகவேணாம் எண்டனான். லெம்பேட் ஐயா செய்த தாள் இருக்கு, எனக்கு என்ன பயம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தவர்." பெட்டியை வாங்கிக்கொண்டு, "உங்களில அவருக்குப் பெரிய மரியாதை" என்றாள்.

இந்த வசனத்தை நான் பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த முகாமில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

மரண விசாரணை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. தாளை யார் செய்தது என்று கேட்டார்கள், நான் என்றேன். வழக்கம்போலவா செய்தீர் என்று கேட்டார்கள். வழக்கமான கவனத்தோடு செய்தேன் என்றேன். எதில் தோய்த்தீர் என்று யாரும் கேட்கவில்லை. தற்செயலான மரணம், கயிறு பிடித்தவர் தாமதித்ததும் ஒரு காரணம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

தாள் ஏன் கறுக்கவில்லை என்பதற்குக் கிறிம்ஷோ துரை ஒரு காரணம் கண்டுபிடித்தார். தொட்டியின் ஈரம் தாளைத் தடுத்துவிட்டதாம். பதினொரு பக்கத்தில் அதை நிறுவினார். கிறிம்ஷோவின் ஈர விளைவு என்று அதற்குப் பெயர். ஜெர்மனியில் இரண்டு பேராசிரியர்கள் தாங்களும் அதைக் கண்டதாக உறுதிப்படுத்தினார்கள். எதைக் கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் என் தாள் இருக்கவில்லை. துரைக்குப் பதக்கம் கிடைத்தது. மீதித் தாள்களை நான் அடுப்பில் போட்டேன். அடுத்த கிழமையிலிருந்து பழையபடி ஈயத்தில் தோய்த்தேன். அவை ஒருநாளும் பிழைக்கவில்லை.

தம்பு அதற்குப் பிறகு கயிற்றைத் தொடவில்லை. இப்போதும் பள்ளிமுனையில்தான் இருக்கிறார், சாராயத்தின் புண்ணியத்தில். பூசை முடிந்து வரும்போது கோயில் மதிலோடு நின்று என்னை மறிப்பார். பத்தொன்பது வருடமாக ஒரே கேள்விதான்.

"ஐயா, நான் கொஞ்சம் முந்தி இழுத்திருந்தா?"

"இழுத்திருக்கலாம், தம்பு" என்பேன். அவரிடமும் நான் பொய் சொன்னதில்லை.

முழுமையாக எழுதுவதென்று தொடங்கியபடியால் விட்டுப்போன இரண்டு சிறு விபரங்களையும் சேர்த்துவிடுகிறேன்.

தொட்டியின் மூடியை முதல்நாளே திறந்துபோடுவதுதான் வழக்கம் என்று முன்பு சொன்னேன். அன்று விருந்தினர் முன்னிலையில் திறக்கப்பட்டது. மூடியை அவர்கள் கண்முன் தூக்கினால் இன்னும் கம்பீரமாக இருக்கும் என்று துரைக்கு யோசனை சொன்னவன் நான். கம்பீரம் என்ற சொல்லைக் கேட்டபின் துரை வேறெதையும் கேட்கவில்லை.

மற்றது, ஒரு கோழி. நிகழ்ச்சிக்கு ஒரு கிழமைக்கு முன், துரை ஏசண்டுத் துரையின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நிறைய நாள் மூடிக்கிடந்த அந்தத் தொட்டிக்குள் கூடையில் வைத்து அதை இறக்கினேன். அந்த வாயு அளவுக்கு மிஞ்சினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், மணம் நின்றுபோகும், பிறகுதான் ஆளைக் கொல்லும் என்று நான் படித்திருந்தேன். இருநூற்றுப் பதினைந்தாம் பக்கம். ஆனால் எவ்வளவு நேரத்தில் என்று புத்தகத்தில் இல்லை. என் மணிக்கூடு பழுதாக இருந்ததால் செபம் சொல்லி நேரத்தைக் கணக்கிட்டேன். ஒரு பரலோக மந்திரம், பாதி அருள்நிறை மந்திரம். கோழி ஆட்டிக்கொண்டிருந்த செட்டை நின்றது. ஆளுக்கு எடை கூட என்பதால் சற்று அதிகமாக வைத்துக்கொண்டேன். தம்பு "இழுக்கட்டோ" என்று கேட்டபோது நான் மனத்துக்குள் மூன்றாவது மந்திரத்தில் நின்றேன். ஆகவே, என் எண்ணம் சிறியது என்று மேலே எழுதியதை நீங்கள் வெட்டிவிடலாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி என்று எழுதிவிடாதீர்கள். என் மனச்சாட்சி நன்றாகத் தூங்குகிறது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லத் தோன்றியதில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கிறிம்ஷோ துரை இப்போது சேர் பட்டம் பெற்றவர். அந்தத் தாளை இன்று சுரங்கங்களிலும் நகரத்துச் சாக்கடைகளிலும் பாவிக்கிறார்களாம். எத்தனையோ உயிர் தப்புகிறதாம். அதற்கு இனிமேல் சரிபுதீன் தாள் என்று பெயர். நிறங்களுக்கும் அவன் வைத்த பெயர்களே இருக்கட்டும் என்று துரை உத்தரவிட்டிருக்கிறார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக்காரர்கள் கருவாடு என்றதும் ஓடுகிறார்களாம். மன்னாரில் அவனுக்கு ஒரு பித்தளைப் பலகை வைக்கிறார்கள். ஆமினா திரை நீக்குவாள். அவனோடு வேலை செய்தவர்களில் உயிரோடிருக்கும் மூத்தவன் என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேசவேண்டுமாம். பலகையில் எழுதப்போகும் வாசகத்தையும் பிழை பார்ப்பதற்காக எனக்கு அனுப்பியிருந்தார்கள்: "தன் தாளை நம்பி உயிர் கொடுத்தவர்."

நான் பிழை பார்த்தேன். நீதவான் அவர்களே, அந்த வாசகத்தில் ஒரு சொல் பொய். அவன் தன் தாளை நம்பி இறங்கவில்லை. அவனுடைய ஈயத் தாள் அன்று அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுத்திருந்தால் அது சொல்லும் வேலையைச் செய்திருக்கும், அவனும் இருந்திருப்பான். அவன் கையில் இருந்தது நான் யோசித்து, நான் கலந்து, நான் தோய்த்த தாள். ஓர் ஓரத்தில்கூடத் திட்டு இல்லை. எந்தப் புத்தகத்திலும் எந்தப் பக்கத்திலும் இல்லாத வேலை அது. நிறைய வாயுவின் நடுவில் அது வெள்ளையாகவே நின்றது. ஒரு துரையையும், இரண்டு ஜெர்மன் பேராசிரியர்களையும், பரம்பரையாக முத்துப் பார்த்த ஒரு கண்ணையும், பதினொரு தடவையில் ஒன்பது தடவை என்னை வென்ற ஒரு மூக்கையும் அது ஏமாற்றியது.

தூக்குத் தண்டனை பற்றி எனக்கு ஆட்சேபனை இல்லை. சட்டம் உங்கள் துறை. நான் கேட்பது ஒரு சிறு திருத்தம். சுரங்கங்களில் கறுக்கிற தாளுக்கு அவன் பெயரை வைத்துக்கொள்ளட்டும். சரிபுதீனைக் கொன்ற தாளுக்கும் சரிபுதீனின் பெயரையே வைப்பது எந்த ஊர் நியாயம்? அந்த ஒன்றிலாவது என் பெயர் முதலில் வரவேண்டும்.